கம்பெனியிடம் கொடுக்கலாமா, நாமே பார்க்கலாமா? குன்னூரிலிருந்து வந்த கேள்விக்கு ஆடிட்டரின் பதில்

கேள்வி: ஆடிட்டர் சார், வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. குன்னூரில் சரிவில் மூன்று பிளாக்காகக் கட்டிய 42 வீடுகள் உள்ள குடியிருப்பில் இருக்கிறேன். வருடம் முழுக்க இங்கேயே இருப்பது 14 குடும்பம்தான். மற்றவர்கள் சென்னை, பெங்களூரு, கோவை. இரண்டு பேர் வெளிநாடு. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் ஒன்பது வருடமாகச் செயலாளராக இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். இதய ஆபரேஷனுக்குப் பிறகு இனி முடியாது என்று சொல்லிவிட்டார், மகன் வீட்டுக்கே போகப் போகிறாராம். வேறு யாரும் முன்வரவில்லை. வெளியூரில் இருப்பவர்கள் கோவைக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்துவிடலாம் என்கிறார்கள். இங்கே இருப்பவர்கள் காசு ஏறிவிடும் என்று எதிர்க்கிறார்கள். வாட்ஸப் குழுவில் தினமும் சண்டை. இப்போது வீட்டுக்கு மாதம் 3,500 ரூபாய் வசூலிக்கிறோம். கோட்டேஷன், சம்பள விவரம், பாக்கிப் பட்டியல், குழுவில் வந்த மெசேஜ்கள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். ஜிஎஸ்டியை நாங்கள் கிளெய்ம் செய்துகொள்ளலாம் என்கிறார் கம்பெனிக்காரர். நான் பொருளாளர் என்பதால் எல்லாம் என் தலையில் வந்து விடிகிறது. எது சரி? இன்னொன்று, யாராவது செயலாளராக வந்தால் மாதம் ஏதாவது மதிப்பூதியம் கொடுக்கலாமா?

பதில்:

வணக்கம் டீச்சர். கோட்டேஷனை முழுதாகப் படித்தேன். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் வாட்ஸப் குழுவில் இரண்டு பக்கமும் கணக்குப் போடாமலேயே சண்டை போடுகிறார்கள் என்று தோன்றுகிறது.

இப்போது மூன்று வாட்ச்மேன், கூட்டிப் பெருக்க இரண்டு பேர், தோட்டமும் பிளம்பிங்கும் பார்க்க ஒருவர் என்று ஆறு பேருக்குச் சம்பளம் 84,000 ரூபாய். கம்பெனி கேட்பது 1,45,000. அதில் அதே ஆறு பேர், ஒரு மேனேஜர், வாரத்துக்கு இரண்டு நாள் வரும் டெக்னீசியன், ஒரு ஆப், அவர்களுடைய சர்வீஸ் சார்ஜ் எல்லாம் அடக்கம். ஆனால் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘வரிகள் தனி’ என்று போட்டிருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் 18 சதவீதம் ஜிஎஸ்டி உட்கார்ந்திருக்கிறது. அது மாதம் 26,100. ஆக மொத்தம் 1,71,100. இப்போதைய செலவைவிட 87,100 கூடுதல், வீட்டுக்குப் பங்கு போட்டால் சுமார் 2,075. உங்கள் 3,500 என்பது 5,575 ஆகும்.

கம்பெனியிலிருந்து வந்தவர் “ஜிஎஸ்டியை நீங்கள் கிளெய்ம் செய்துகொள்ளலாம்” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முடியாது. உறுப்பினர் ஒருவர் மாதம் 7,500 ரூபாய் வரை கட்டும் பராமரிப்புக் கட்டணத்துக்கு வரிவிலக்கு இருக்கிறது, நீங்கள் அதற்குள்தான் வருகிறீர்கள், அதனால் நீங்கள் யாரிடமும் ஜிஎஸ்டி வசூலிப்பதில்லை. வசூலிக்காதவர் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. வருடத்துக்கு 3,13,200 ரூபாய் அப்படியே செலவுதான். இதே ஆறு பேரை நீங்களே நேரடியாக வைத்துச் சம்பளம் கொடுத்தால் இந்த வரி கிடையாது. கம்பெனியே வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பொதுக்குழுவில் கை தூக்குகிறவர்கள் 5,575 என்ற எண்ணைப் பார்த்துவிட்டுத் தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் காசைக் கொடுத்தால் என்ன போகும், என்ன போகாது என்பதுதான் அடுத்தது. வேலை போகும். பொறுப்பு போகாது. உங்கள் அசோசியேஷன் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது. நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். கம்பெனி பேப்பரைத் தயார் செய்து கொடுக்கலாம், கையெழுத்து நிர்வாகக் குழுவுடையது. நோட்டீஸ் வந்தாலும் குழுவின் பெயருக்குத்தான் வரும். கம்பெனிகாரர் வாட்ச்மேனுக்கு ஈ.எஸ்.ஐ. கட்டாமல் விட்டால் முதன்மை முதலாளி, அதாவது வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவர், என்று உங்களைத்தான் பிடிப்பார்கள். செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டது என்று யாரையாவது உள்ளே இறக்கிவிட்டால், மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்த 2013 சட்டப்படி அது குற்றம், முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை. ‘கம்பெனி சூப்பர்வைசர்தான் இறக்கினார், எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்லித் தப்புவது எளிதில்லை. ஆகவே கம்பெனியிடம் கொடுத்தால் குழுவே தேவையில்லை, யாரும் செயலாளராக வர வேண்டாம் என்று சென்னைக்காரர்கள் நினைத்தால் அந்த நினைப்பை முதலில் கலைத்துவிடுங்கள்.

இதில் உங்கள் சங்கத்துக்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒன்பது வருடமாக அவர் செயலாளர் என்கிறீர்கள். சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது, திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் அப்படித் தேர்ந்தெடுத்ததற்குத் தீர்மானம் இருக்கிறதா, பதிவாளரிடம் பட்டியல் கொடுத்திருக்கிறீர்களா? ‘அவரே இருக்கட்டும் சார்’ என்று டீ குடித்துக்கொண்டே முடிவு செய்து, மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு வரிகூட எழுதாத சங்கங்கள் மலையில் நிறைய. அப்படி இருந்தால் அவர் ஊரை விட்டுப் போன அடுத்த வாரம் பாங்க் மேனேஜர் புதுக் கையெழுத்தை ஏற்க மாட்டார், வாட்ச்மேன் சம்பளத்துக்கே திண்டாட்டம் ஆகும். கம்பெனியா நாமா என்பதெல்லாம் அப்புறம். அவர் இருக்கும்போதே பொதுக்குழுவைக் கூட்டிப் புதுக் குழுவைத் தேர்ந்தெடுத்து, பதிவாளருக்கும் பாங்குக்கும் பேப்பர் கொடுத்துவிடுங்கள். கூடவே பைலாவையும், அதாவது சங்கத்தின் விதிமுறைகளையும், ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். 1994இன் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் போய், 2022இல் இயற்றிய புதுச் சட்டம் 2024 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய பைலாவை அதற்கேற்பத் திருத்த வேண்டியிருக்கலாம்.

சரி, நாமே பார்த்துக்கொள்ளலாம் என்கிற உள்ளூர்க்காரர்களுக்கு வருகிறேன். அவர்கள் சொல்லும் ‘நாமே’ என்பது இத்தனை காலமும் அந்த ஒரு மனிதர்தான். அவர் காலையில் சம்ப்பில் தண்ணீர் மட்டம் பார்த்தார், மோட்டார் போட்டார், லாரிக்காரரிடம் பேசினார், பிளம்பரோடு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார், பெங்களூருக்காரர் வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு காஸ் சிலிண்டர் வாங்கிவைத்தார். இதற்கெல்லாம் சம்பளம் போட்டால் எவ்வளவு ஆகும் என்று யாராவது யோசித்தார்களா? உங்கள் 3,500 ரூபாய் அவருடைய இலவச உழைப்பால் நின்ற எண். அவர் போனதும் அந்த எண்ணும் போய்விடும், கம்பெனி வந்தாலும் வராவிட்டாலும். இதைப் பொதுக்குழுவில் நீங்கள் சொன்னால் கொஞ்சம் கோபப்படுவார்கள், பரவாயில்லை, சொல்லுங்கள்.

சேவையாகச் செய்கிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பலவீனம் வசூல். நேர்மையில் குறை கிடையாது. தினமும் படியில் பார்த்துச் சிரிக்கிற பக்கத்து வீட்டுக்காரரிடம் ‘பதினான்கு மாதம் பாக்கி’ என்று கேட்க நம்மவர்களுக்கு வாய் வராது. நீங்கள் அனுப்பிய பட்டியலில் ஆறு வீடுகள் சேர்ந்து நான்கு லட்சத்துக்கு மேல் பாக்கி, அதில் மூன்று பேர் உள்ளூர். கம்பெனி இதை அலட்டிக்கொள்ளாமல் செய்யும், ஏழாம் தேதி ஆனால் மெசேஜ், இருபதாம் தேதி ஆனால் லெட்டர்ஹெட்டில் நோட்டீஸ். கேட்பவருக்கும் சங்கடமில்லை, கேட்கப்படுபவருக்கும் தனிப்பட்ட கோபமில்லை. கம்பெனிகளின் பெரிய பலமே இதுதான் என்பேன். மற்றபடி ‘புரொஃபஷனல்’ என்ற வார்த்தைக்கு நான் அவ்வளவு மயங்குவதில்லை.

அதுவும் மலையில். கோவை பிளாட்டுகளில் அவர்கள் லிஃப்ட், ஜெனரேட்டர், நீச்சல் குளம் பார்த்துப் பழகியவர்கள். உங்களிடம் லிஃப்ட்டே கிடையாது, நீலகிரியில் கட்டடத்தின் உயரத்தையே ஏழு மீட்டரோடு நிறுத்திவிட்டார்கள். உங்கள் குடியிருப்பின் உயிர் தடுப்புச் சுவரிலும் மழைநீர்க் கால்வாயிலும் இருக்கிறது. கோட்டேஷனில் இருபத்துமூன்று வேலைகள் பட்டியல் போட்டிருக்கிறார்கள், அதில் தடுப்புச் சுவர் என்ற சொல்லே இல்லை! குன்னூருக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவத்தில்தான். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். புரட்டாசிக்குள் கால்வாயில் இலை, மண் அள்ள வேண்டும், சுவரில் தண்ணீர் வடிவதற்காக விட்ட துளைகளில் குழாய் குத்தி அடைப்பு எடுக்க வேண்டும், சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா, புது விரிசல் உண்டா என்று பார்த்து போட்டோ எடுத்து வைக்க வேண்டும். துளை அடைத்தால் தண்ணீர் பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளும். சரிந்த பிறகு மண் அள்ள ஜேசிபி கொண்டுவரவும் இங்கே கலெக்டர் ஆபீஸ் அனுமதி வேண்டும், கீழே போல போன் போட்டதும் வந்து நிற்காது.

அந்த மழையில்தான் மேட்டுப்பாளையம் ரோட்டில் பர்லியார் பக்கம் மரமோ பாறையோ விழுந்து பாதை அடைபடும். வாரம் இரண்டு நாள் வருகிற டெக்னீசியன் அன்றைக்குக் கோத்தகிரி சுற்றி வருவாரா, இல்லை ‘ரோடு கிளியர் ஆகட்டும் மேடம்’ என்பாரா? உங்களுக்கே தெரியும். குப்பையும் அப்படித்தான். சமவெளியில் குப்பைத் தொட்டியை இரவு வெளியே வைத்தால் நாய் கிளறும். இங்கே கரடி வரும், காட்டு மாடு வரும். மாலையிலேயே குப்பையைப் பூட்டி வைக்க வேண்டும் என்பது உள்ளூர் ஆளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கோடையில் ரேலியா அணை இறங்கி நகராட்சித் தண்ணீர் நாள் தள்ளி வரும்போது எந்த லாரிக்காரர் நல்ல தண்ணீர் கொண்டுவருவார் என்பதும் ஆப்பில் இருக்காது.

அதனால் என் யோசனை இரண்டுக்கும் நடுவில் போகிறது. ஒரு உள்ளூர் மேனேஜரைச் சங்கமே சம்பளத்துக்கு வையுங்கள். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையிலோ எஸ்டேட்டிலோ சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற, ஐம்பத்தைந்து அறுபது வயதுள்ள, ஆட்களை வேலை வாங்கத் தெரிந்த ஒருவர் போதும். 25,000 ரூபாய்க்கு ஆள் கிடைப்பார் என்று நினைக்கிறேன். கணக்கு எழுத, பில் போட, பாக்கிக்கு நோட்டீஸ் அனுப்ப ஒரு அக்கவுன்டன்டைப் பகுதி நேரத்துக்கு 7,000 ரூபாயில் பிடியுங்கள். அவர் எங்கிருந்தாலும் சரி, கோவையில் உட்கார்ந்துகூடச் செய்யலாம், கணக்குக்கு ரோடு அடைபடாது. நோட்டீஸ் அவர் பெயரில் போகட்டும், உங்கள் சங்கடமும் தீரும். இரண்டும் சேர்ந்து 32,000, வீட்டுக்குச் சுமார் 760. மாதம் 4,300 என்று வைத்தால் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். குழுவுக்கு அப்புறம் மிஞ்சுவது மாதம் ஒரு மீட்டிங், செக் கையெழுத்து, மழைக்கு முன்னால் ஒரு நாள் சுவரைச் சுற்றி நடப்பது. இவ்வளவுதான் வேலை என்று எழுதிக் காட்டினால் செயலாளராக ஒருவர் வருவார். இப்போது யாரும் வராததற்குக் காரணம், செயலாளர் என்றால் ஏணி பிடிக்க வேண்டும் என்று ஒன்பது வருடமாகப் பார்த்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்களில் ஒருவரையும் குழுவில் போடுங்கள், பைலா அனுமதித்தால் வீடியோ காலில் உட்காரட்டும். வெளியிலிருந்து குறை சொல்கிறவருக்கு உள்ளே ஒரு நாற்காலி கொடுத்தால் பாதிச் சத்தம் அடங்கும்.

இதே குடியிருப்பில் 150 வீடு இருந்து, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், லிஃப்ட் எல்லாம் இருந்தால் கம்பெனியிடம் போங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். 42 வீட்டுக்கு அவர்களுடைய மேல்செலவைத் தாங்கும் தோள் கிடையாது.

இத்தனை சொல்லியும் பொதுக்குழு கம்பெனிதான் என்று முடிவு செய்தால், சரி, அதுவும் கெட்ட முடிவில்லை. ஒப்பந்தத்தில் சில விஷயங்களில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உறுப்பினர்கள் கட்டும் பணம் சங்கத்தின் பாங்க் கணக்குக்கே நேராக வர வேண்டும், ஆப் வழியாகக் கம்பெனி கணக்குக்குப் போய் அங்கிருந்து வரக்கூடாது. உங்கள் கோட்டேஷனின் ஒன்பதாம் பத்தி அப்படித்தான் எழுதியிருக்கிறது, அதை அடித்துவிடச் சொல்லுங்கள். செக்கில் குழுவின் இரண்டு பேர் கையெழுத்து. வைப்புநிதியாக பாங்கில் போட்டிருக்கும் 21 லட்சத்தை அவர்கள் தொடவே கூடாது, அதை உடைக்கப் பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும். (அந்த டெபாசிட் வட்டிக்கு வருமான வரி உண்டு டீச்சர். உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் பணத்துக்கு வரியில்லை என்ற தத்துவம் பாங்க் வட்டிக்குச் செல்லாது என்று 2013இல் ஒரு பெங்களூரு கிளப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் கணக்கில் அது காட்டப்படவில்லை, தனியாகப் பேசுவோம்.)

வாட்ச்மேன் அனுப்புகிறவருக்கு 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி லைசென்ஸ் இருக்க வேண்டும், நகல் வாங்குங்கள். ஒவ்வொரு மாதப் பில்லோடும் உங்கள் ஆட்களின் பெயர் உள்ள பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. சலானைக் கேளுங்கள், சலான் வராமல் பில் பாஸ் ஆகக்கூடாது. மெயின் ரிப்பேர்கள் அவர்களுடைய ஆள் மூலமாகத்தான் என்று ஒரு வரி இருக்கிறதே, காசு கசிவது அங்கேதான். மோட்டார் ரீவைண்டிங்குக்குக் குன்னூர் பஜாரில் ஆகும் தொகைக்கு மேல் கோவையிலிருந்து வண்டி வாடகையும் கமிஷனும் ஏறும். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் எந்த வேலையானாலும் இரண்டு கோட்டேஷன், அதில் ஒன்று உள்ளூர் என்று எழுதச் சொல்லுங்கள். அப்புறம் டேட்டா. ஒரு குடியிருப்பில் ஒப்பந்தம் முறிந்ததும் கம்பெனி ஆப்பை நிறுத்திவிட்டது, யார் எவ்வளவு பாக்கி என்பதே தெரியாமல் நாங்கள் பாங்க் ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பார்த்து மறுபடி எழுதினோம். மாதா மாதம் எக்செல்லில் முழுக் கணக்கும் உங்கள் மெயிலுக்கு வர வேண்டும். ஒப்பந்தம் ஒரு வருடம், தானாகப் புதுப்பிக்கும் ஷரத்து வேண்டாம், இரண்டு மாத நோட்டீஸில் இரு பக்கமும் விலகலாம், விலகினால் இப்போதிருக்கிற ஆறு பேரைச் சங்கமே திரும்ப வைத்துக்கொள்ளத் தடை கூடாது.

ஒன்று கேட்டுவிடுகிறேன், தவறாக நினைக்காதீர்கள். வெளியூர்க்காரர்களில் எத்தனை பேர் வீட்டை ஹோம்ஸ்டேயாக விடுகிறார்கள்? நீங்கள் எழுதவில்லை, ஆனால் சீசனில் ‘செக்கின் செய்ய ஆள் இல்லை’ என்று குழுவில் வந்த மெசேஜையும் அனுப்பியிருக்கிறீர்களே. கம்பெனி வேண்டும் என்ற வேகத்தில் பாதி அங்கிருந்து வருகிறது என்பது என் சந்தேகம். விருந்தாளிக்குச் சாவி கொடுக்கவும் பெட்ஷீட் மாற்றவும் ஆள் தேவைப்படுகிறவர்கள் அதற்குத் தனியாகக் காசு கொடுக்கட்டும், 42 வீட்டுக் கட்டணத்தில் அதை ஏற்றக்கூடாது. வீட்டை அப்படி விடலாமா, விட்டால் எந்த அனுமதி, எந்த மின்கட்டணம், கூடுதல் தண்ணீருக்கு எவ்வளவு என்பதைப் பொதுக்குழுவில் தனித் தலைப்பாக வையுங்கள். நிர்வாகம் யாரிடம் என்ற தலைப்போடு கலந்தால் இரண்டுமே முடியாது.

மதிப்பூதியம் கேட்டீர்கள். பைலாவில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பொதுக்குழுத் தீர்மானமும் வேண்டும். இருந்தாலும் நான் வேண்டாம் என்பேன். மாதம் ஐயாயிரம் கொடுத்துவிட்டால் அவர் செயலாளர் என்பது போய், ஐயாயிரத்துக்கு வாட்ச்மேனைவிடக் குறைந்த சம்பளத்தில் ஒரு வேலைக்காரர் ஆகிவிடுவார், ராத்திரி பதினொரு மணிக்குக் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட ஆளாளுக்கு உரிமை வந்துவிடும். போன் செலவு, பதிவாளர் ஆபீஸுக்குப் போய்வரும் டாக்சி, பிரிண்ட் செலவு இவற்றை பில்லுக்குக் கொடுங்கள், போதும். போகிற செயலாளருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தால், ஒன்பது வருடத்துக்கு ஒரு தீர்மானம் போட்டு நன்றி எழுதி, சால்வை போடுங்கள். அதற்கு முன்னால் அவரோடு ஒரு காலை முழுக்க நடந்து எந்த வால்வு எந்த பிளாக்குக்கு, செப்டிக் டேங்க் மூடி எங்கே, கால்வாய் எங்கே பூமிக்குள் போகிறது, பில்டர் கொடுத்த வரைபடம் யாரிடம் என்று எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். டாக்டர் அவரைப் படி ஏற விடுவாரா என்று கேட்டுக்கொண்டு.